உப்புக் கேணி: ஒரு நிலவறை கட்டி ஓட்டிய குறிப்புகள்

உப்புக் கேணி என்று பிள்ளைகளின் கதை விளையாட்டுக்காக நான் கட்டிய நிலவறை போன ஞாயிறு பின்னேரம் ஒருமாதிரி ஓடி முடிந்தது. ஐந்து பேர் உள்ளே போனார்கள், நாலு பேர் வெளியே வந்தார்கள். ஐந்தாவது ஆள் அக்காவின் மூத்தவள். அவள் பூட்டிய அறைக்குள் அகப்பட்டுப்போனாள். "மாமா, நான் சாகேல்லை, உள்ளுக்கைதான் இருக்கிறன். அடுத்த கிழமை வந்து திறக்கச் சொல்லுங்கோ" என்று இன்னும் வழக்காடுகிறாள். இதற்கு முன் நான் கட்டிய நிலவறைக்காக ஒருவரும் வழக்காடவில்லை. அது பாதியில் நின்றபோது ஒருவரும் கவலைப்படவுமில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இது 1974 இல் அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் இடத்தையும் அங்கே இருப்பதையும் சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லுவார்கள். நடக்குமோ நடக்காதோ என்ற காரியங்களை இருபது முகத் தாயக்கட்டை தீர்க்கும். விதிகளின் அடிப்படைத் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். அதனால் வேண்டிய பகுதிகளை மட்டும் தமிழில் சுருக்கி எழுதி, போட்டோக்கொப்பி அடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

முதல் நிலவறைக்கு எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையையே மாதிரியாக எடுத்தேன். ஒல்லாந்தர் 1658 இல் போர்த்துக்கேயரிடம் பிடித்து, பிறகு திருத்திக் கட்டிய ஐங்கோணக் கோட்டை. தாளில் பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் இந்த விளையாட்டில் ஒரு சதுரம் என்பது ஐந்து அடி. சதுர றூள் கொப்பியில் ஐங்கோணம் வரைந்தால் சுவரோரச் சதுரம் எல்லாம் அரையும் காலுமாக வெட்டுப்படும். "இந்த அரைச் சதுரத்தில ஆள் நிக்கலாமோ?" என்ற கேள்வியிலேயே பாதிப் பின்னேரம் போய்விட்டது. அதைவிடப் பெரிய கோளாறு, அறைகளை ஒன்றின் பின் ஒன்றாகக் கோத்திருந்தது. கதவைத் திற, சண்டை பிடி, அடுத்த கதவைத் திற. எந்தப் பக்கம் போவது என்ற கேள்வியே பிள்ளைகளுக்கு வரவில்லை.

இரண்டாவதற்கு நாற்சார் வீட்டை எடுத்தேன். நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை, அதற்கப்பால் நாலு பக்கமும் அறைகள். எந்த அறையிலிருந்தும் இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும் சுற்றி வரலாம். துரத்தினால் ஓடலாம், ஓடினால் பின்பக்கத்தால் மடக்கலாம். வட்டப்பாதை வேண்டும் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததை நம்முடைய கொத்தனார்கள் எப்போதோ கட்டி வைத்துவிட்டார்கள். அளவும் சுலபம். முற்றம் நாலுக்கு நாலு சதுரம், விறாந்தை ஒரு சதுர அகலம், அறைகள் மூன்று சதுர ஆழம். மொத்தம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, அதாவது அறுபது அடிக்கு அறுபது அடி. மேசையில் ஓர் அங்குலம் ஒரு சதுரம் என்று வைத்தால் ஒரு அடிக்குள் வீடு அடங்கிவிடும். பந்தத்தின் வெளிச்சம் இருபது அடி, அதற்கப்பால் இன்னொரு இருபது அடி மங்கல். முற்றத்து நடுவில் பந்தத்தோடு நின்றால் அறை வாசல்களெல்லாம் வெளிச்சத்துக்குள் வரும், அறைகளின் உள்மூலைகள் மங்கிக் கிடக்கும். இதைக் கணக்குப் பார்த்து வைக்கவில்லை, தானாக அமைந்தது.

வீடு மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. தெருவாசலில் இருக்கும் சங்கடப்படலையின் கூரை மட்டும் வெளியே தெரியும். பிள்ளைகளுக்கு இப்படியான வீடு பழக்கம் என்பதால் நான் விவரிக்கத் தேவையே இருக்கவில்லை. "தலைவாசல்" என்று சொன்னதும் திண்ணை எந்தப் பக்கம் என்று அவர்களே சொன்னார்கள்.

இரகசிய அறைக்கு இது மிகவும் உதவியது. விதிப்படி மறைகதவைக் கண்டுபிடிக்கக் கட்டை உருட்ட வேண்டும். பதினைந்து வந்தால் கண்டுபிடிப்பு, திறமைக்கு இரண்டு கூடும். அப்படியென்றால் ஒருவருக்கு நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. ஐந்து பேரும் உருட்டினால் யாராவது ஒருவர் காணும் வாய்ப்பு நூற்றுக்கு தொண்ணூற்றிரண்டு. இப்படி எல்லோரும் எப்படியும் காணப்போகிற கதவை மறைத்து என்ன பலன்? இந்த முறை கட்டையை எடுத்துவிட்டு சுவாமி அறையை மட்டும் வரைபடத்தில் காட்டாமல் விட்டேன். வெளிச்சுவர் பன்னிரண்டு சதுரம், வடக்குப் பக்க அறைகளைக் கூட்டினால் ஒன்பதுதான் வரும். முக்கால் மணி நேரம் ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு ஒழுங்கைக்கு அந்தப் பக்க வீட்டுப் பெடியன், கணக்கில் கெட்டிக்காரன், கொப்பியில் விரலை வைத்து எண்ணிவிட்டு, "அண்ணை, உந்த வீட்டில சுவாமி அறையைக் காணேல்லை. மூண்டு பெட்டியும் குறையுது" என்றான். மற்ற நாலு பேரும் எழும்பி நின்றுவிட்டார்கள். கட்டையில் இருபது விழுந்தபோதுகூட அவர்கள் அப்படி எழும்பியதில்லை.

அடுத்தது கீழ்த்தளம். குகை வேண்டும் என்றால் ஐரோப்பிய மலைகளுக்குப் போகவேண்டியதில்லை, நாங்கள் நிற்பதே சுண்ணாம்புக் கல்லின் மேல். மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து உள்ளே பொந்தாக்கி வைத்திருக்கிறது. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தேன். வானரங்களின் தாகத்துக்கு இராமர் அம்பு ஊன்றி உண்டாக்கிய கிணறு என்று கதை. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. குடாநாட்டுக் கிணறுகளின் சங்கதியும் இதுதான். நன்னீர் பாரம் குறைந்தது, உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். இதைவிட நல்ல பொறி ஒரு நிலவறைக்குக் கிடைக்குமா?

அதை அப்படியே விளையாட்டாக்கினேன். வீட்டுக் கிணற்றடியில் துலா. கிணறு கீழே குகைக் கேணியில் திறக்கும். கேணிக்கு ஆறு படி. துலாவால் ஒரு வாளி நன்னீர் இறைத்தால் உப்பு ஒரு படி ஏறும். ஆறாம் படிக்கு வந்தால் கேணி முழுக்க உப்பு, அதோடு உப்பில் கிடப்பவையும் மேலே வரும். கீழே இறங்க இரண்டு வழி: கிணறு ஒன்று, சுவாமி அறைப் படிக்கட்டு மற்றது.

முதல்தடவை வேறு ஆட்களோடு ஓட்டிப் பார்த்தபோது உப்பு ஏறுவதை என் கொப்பியில் மட்டும் குறித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் படி வந்து எல்லாம் தலைகீழானதும், "ஏன் திடீரெண்டு?" என்றுதான் கேட்டார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரியாத பொறியைப் பொறி என்று சொல்ல முடியாது, நான் வேண்டுமென்றே செய்த வஞ்சகமாகத்தான் அது தெரிந்தது. ஆகவே கேணியை மேசைக்குக் கொண்டுவந்தேன். ஐந்து சென்ரிமீற்றர் விட்டமுள்ள உயரமான கண்ணாடித் தம்ளர், மருந்துக்கடையில் வாங்கிய பத்து மில்லிலீற்றர் சிரிஞ்சு, மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாய் ஒரு சாண். அரைப் போத்தல் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி உப்புக் கரைத்து நீலக் கலரிங் விட்டேன். நீலத்தை முதலில் ஊற்றி அதன்மேல் நல்ல தண்ணீரை ஊற்றினால் கலங்கிப் போகிறது. நல்ல தண்ணீரை முதலில் விட்டு, குழாயை அடிவரை இறக்கி, சிரிஞ்சால் நீலத்தை மெதுவாகத் தள்ளினால் அது அடியில் பாயாகப் படுக்கிறது. கோடு கத்தியால் கீறியதுபோல இருக்கும். வாளிக்கு இரண்டு சிரிஞ்சு மேலே எடுத்து, இரண்டு சிரிஞ்சு கீழே விட்டால் கோடு ஒரு சென்ரிமீற்றர் ஏறும். தம்ளரில் பேனையால் ஆறு கோடு. ஆட்டம் முடியும்வரை அடுக்குக் குலையவில்லை. மேசையை ஆட்டாமல் இருந்தால் போதும், ஆனால் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அதுதான் கஷ்டம்.

உயிர்களுக்கு வருவோம். இருபது வகையை நிரப்பிப் பலன் இல்லை என்பது கோட்டையிலேயே தெரிந்துவிட்டது. இரண்டே வகை வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் எழுதினேன்: அதற்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படும், அது வருவதற்கு முன் என்ன தெரியும். அம்மா தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "முனியையும் வைரவரையும் விளையாட்டுக்கு எடுக்காதை" என்று ஒரே சொல்லில் முடித்தா. அவ சொன்னது நியாயம். கோட்டைப் பக்கம் போனால் முனியப்பர் கோவிலில் சனம் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது. கும்பிடும் தெய்வத்துக்கு உயிர்ப்புள்ளி (அடிபட அடிபடக் குறையும் எண்) போட்டு வாளால் வெட்டவைக்க எனக்கும் மனமில்லை.

முதலாவது உடும்பு. விதித்தொகுப்பில் உள்ள பெரும்பல்லிக்குக் காப்பு எண் (அடி விழக் கட்டையில் வரவேண்டியது) 12, உயிர்ப்புள்ளி 19. அதை அப்படியே எடுத்து, பிடித்தால் விடாது என்ற ஒன்றை மட்டும் சேர்த்தேன். கூரை முகட்டில் கிடக்கும். அதற்கு வேண்டியது கோழிமுட்டை. முட்டையை எறிந்தால் பிடியை விடும். இது தெரிய அடுக்களையில் முட்டைக் கோது சிதறிக் கிடக்க வைத்தேன்.

இரண்டாவது உப்பாள். உப்பால் ஆன மனித உருவம், கண் இல்லை. நன்னீர் இருக்கும் பக்கம் நடக்கும், தண்ணீர்ப் போத்தல் வைத்திருப்பவனை முதலில் பிடிக்கும். ஆனால் நன்னீரில் நனைந்தால் கரைந்துவிடும். தனக்கு வேண்டியதே தனக்கு நஞ்சு. வருமுன் உதடு காய்ந்து போகும் என்று சொல்லுவேன். பிள்ளைகள் சொல்லுக்குச் சொல் உதட்டை நக்கிக்கொண்டார்கள். உயிர்ப்புள்ளியை முதலில் 15 என்று போட்டிருந்தேன், அது கூடிப்போய்ச் சண்டை இழுபட்டது. 7 ஆக்கினேன். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் உருட்டலே வேண்டாம், கரைந்துவிடும். ஒரு வாளி ஊற்றினால் தம்ளரில் நீலம் ஒரு கோடு ஏறும் என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். அவர்களுக்கு அது மூன்றாம் வாளியில்தான் விளங்கியது.

மந்திரப் பொருள்கள்தான் எனக்கு அதிக வேலை வைத்தன. கோட்டையில் ஒரு மந்திரக் கோல் வைத்திருந்தேன். எந்தக் கதவையும் திறக்கும், பாவிக்கும்போது இருபது முகக் கட்டையில் ஒன்று விழுந்தால் வெடிக்கும். ஒருவருக்கும் பயம் இல்லை. நூற்றுக்கு ஐந்து என்பது ஒவ்வொரு தடவையும் அதே ஐந்துதான். பதினாலு தடவை பாவித்தால்தான் வெடிக்கும் வாய்ப்புப் பாதியைத் தாண்டும். கேற்றுப் பூட்டைத் திறப்பதுபோல அதை எடுத்தெடுத்துத் திறந்தார்கள்.

அதற்குப் பதிலாக வைத்தது சோழிப் பெட்டி. மூடியுள்ள சின்னப் பனையோலைப் பெட்டி, உள்ளே ஒன்பது சோழி. கதவு திறக்கவேண்டுமென்றால் பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுக்கவேண்டும். எடுத்ததைத் திரும்பப் போடக்கூடாது. எட்டு வெள்ளை, ஒன்று கறுப்பு. கறுப்பு வந்தால், அதுவரை பெட்டி திறந்த கதவுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அறைந்து பூட்டும், உள்ளே நிற்பவர் உள்ளேதான். முதல் தடவை ஒன்பதில் ஒன்று, அடுத்தது எட்டில் ஒன்று, ஏழில் ஒன்று. ஆபத்தும் கூடும், பூட்டக் காத்திருக்கும் கதவுகளும் கூடும். எடுத்த சோழிகள் மேசையில் வரிசையாகக் கிடப்பதால் மிச்சம் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். இதில் விதியை விளக்கும் வேலையே இல்லை. நாலாவது சோழியிலிருந்து கை பெட்டிக்குள் போக நேரம் எடுத்தது.

கறுப்பை அடையாளம் செய்வதில் சில்லறைப் பிரச்சினை ஒன்று. முதலில் கறுப்பு நூல் சுற்றினேன், விரலுக்குத் தட்டுப்பட்டது. பெயின்ற் பூசினால் மொறுமொறு என்று தெரிந்தது. கடைசியில் சோழியின் வாய்க்குள்ளே, பல்லுப் பல்லாக இருக்கும் அந்தப் பிளவுக்குள், தீக்குச்சி நுனியால் கறுப்பு கியூட்டெக்ஸ் விட்டேன். விரலுக்குத் தெரியாது, திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். எடுத்த சோழியைக் குப்புற வைத்து மெதுவாகத் திருப்புவது என்று பிள்ளைகள் தாங்களே ஒரு சடங்கு பிடித்துவிட்டார்கள்.

இரண்டாவது பொருள் தூண்டாமணி விளக்கு. அதன் வெளிச்சத்தில் மறைந்தது தெரியும். முதல் வடிவத்தில் பத்து நிமிடத்துக்கு ஓர் உயிர்ப்புள்ளி குடிக்கும் என்று வைத்தேன். கணக்கெழுதும் வேலைதான் கூடியது. மாற்றினேன்: ஏற்றும் ஒவ்வொரு தடவையும் ஏற்றுபவர் தன் பாத்திரத் தாளில் ஏதாவது ஒரு வரியை அழிறப்பரால் அழிக்கவேண்டும். எந்த வரி என்பது அவர் விருப்பம். அக்காவின் சின்னவன் யோசிக்காமல் "நீந்தத் தெரியும்" என்பதை அழித்தான், வீட்டுக்குள்ளே நீச்சல் எதற்கு என்று. அப்போது கீழ்த்தளம் இருப்பது அவனுக்குத் தெரியாது. கேணியில் விழுந்தபோது தாளைத் தூக்கிக் காட்டி, "அழிச்சது இன்னும் மங்கலாத் தெரியுது, மாமா, அரைவாசி நீந்தலாம்" என்றான். அதற்கு ஒரு தடவை உருட்ட விட்டேன். பிழைத்தான்.

காயம் ஆற்றும் மருந்துக்குப் பதில் பனங்கட்டிக் குட்டான். விதிப்படி நாலு முகக் கட்டை இரண்டும் கூட இரண்டும். திருநெல்வேலிச் சந்தையில் உண்மையான குட்டான் வாங்கி மேசையில் வைத்தது பிழையான யோசனை இல்லை, ஆனால் முதல் சண்டைக்கு முன்னமே மருந்து முடிந்துவிட்டது.

சுவர்களை ஓர் அங்குல ரெஜிபோமில் (தெர்மோகோல்) வெட்டினேன். பேப்பர் கத்தியால் வெட்டினால் மணிமணியாக உதிரும். புது அலகு போட்டு, ஒரே இழுவையாக இழுத்தால் ஓரளவு சுத்தம். நிறத்துக்கு ஸ்பிரே பெயின்ற் அடித்தேன். அதிலுள்ள கரைப்பான் ரெஜிபோமைத் தின்றுவிடும், சுவர் முழுக்கக் குழி விழுந்தது. மேல்வீட்டுக்கு அது உதவாது. கீழ்த்தளத்துக்கு வைத்துப் பார்த்தால் கரைந்த சுண்ணாம்புக் கல் அச்சொட்டாக அப்படித்தான் இருந்தது, ஆகவே குகைக்குத் தெரிந்தே மறுபடி அடித்தேன். வெளியே காற்றுப்பட வைத்து அடியுங்கள், நாற்றம் தலையிடி தரும். மேல்வீட்டுக்குச் சுவருக்கு அடித்து மிஞ்சிய தண்ணீர்ப் பெயின்ற் போதும்.

செலவு: கொழும்பிலிருந்து கூரியரில் வந்த ஏழு கட்டைத் தொகுதி 2,100 ரூபா, ரெஜிபோம் இரண்டு 900, பிரிஸ்டல் போட் நாலு 480, போட்டோக்கொப்பி 600, கத்தி அலகு 150, சிரிஞ்சு 60, ஸ்பிரே 950. மொத்தம் 5,240. ஆட்களுக்குச் சோடா மூடி, அதில் ஒட்டிய தாள் எண்கள். சோழியும் பெட்டியும் அம்மாவின் பழைய பெட்டகத்திலிருந்து வந்தவை, அவ இன்னும் கணக்குக் கேட்கவில்லை.

ஓடிய கதையில் முக்கியமானது கடைசி அரை மணித்தியாலம். நாலு பேர் கீழே உப்பாள்களோடு மல்லுக்கட்டுகிறார்கள், தம்ளரில் நீலம் ஐந்தாம் கோட்டில். இன்னொரு வாளி இறைத்தால் உப்பாள்கள் கரைவார்கள், ஆனால் கேணி உப்பாகி அதைவிடக் கூட வரும். மூத்தவள் சுவாமி அறையில் நின்று பெட்டியை வைத்திருக்கிறாள். ஐந்து சோழி வெளியே. குகையின் கடல்வாசலைத் திறந்தால் எல்லோரும் தப்பலாம். "நாலில ஒண்டுதானே" என்று கையை விட்டாள். வெள்ளை. கடல்வாசல் திறந்தது, நாலு பேரும் ஓடினார்கள். அவள் தான் இறங்குவதற்குப் படிக்கட்டுக் கதவைத் திறக்க இன்னொன்று எடுத்தாள். மூன்றில் ஒன்று. திருப்பினாள், கறுப்பு. கடல்வாசலும் சேர்ந்து பூட்டியது, ஆனால் மற்றவர்கள் ஏற்கெனவே வெளியே.

அடுத்த தடவைக்குச் சில மாற்றம். சோழி ஒன்பது அதிகம், ஏழு போதும். முதல் மூன்று எடுப்பும் பயமில்லாமல் போகிறது. கேணிப்படி ஆறும் எட்டாகவேண்டும், மூன்றாம் வாளியில் விளங்கியபின் அவர்களுக்கு யோசிக்க மூன்றே வாளிதான் மிஞ்சியது. மேல்வீட்டில் தென்பக்கத்து இரண்டு அறைக்கும் ஒருவரும் போகவில்லை. அவற்றை எடுத்துவிட்டுக் களஞ்சிய அறை ஒன்று வைப்பேன், உடும்புக்கு முட்டை அங்கே இருக்கட்டும். விளக்கால் அழித்த வரியை மீட்க ஒரு வழி வேண்டுமா என்று இன்னும் முடிவில்லை. சின்னவன் வேண்டும் என்கிறான், மற்ற நாலு பேரும் வேண்டாம் என்கிறார்கள். ரெஜிபோமை இனிக் கத்தியால் வெட்டப்போவதில்லை. பழைய அயன்பொக்சின் சுருள் கம்பியை எடுத்துச் சூட்டுக்கம்பி வெட்டி செய்யலாம் என்று தெரிந்த மின்வேலைக்காரர் ஒருவர் சொன்னார். மின்சாரத்தை எப்படிக் குறைத்துக் கொடுப்பது என்பதை அவரே வந்து செய்து தருவதாகப் பேச்சு.